பேர் தெரியாத திராட்சை

தூத்துக்குடியில் மனிதர்களைச் சந்தேகப்பட்டவர்கள் ஏராளம். திராட்சைப் பழத்தைச் சந்தேகப்பட்டவர், எனக்குத் தெரிந்து, பட்லர் ஒருவர்தான்.

கப்பல்களில் முப்பது வருஷம் பட்லராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயரைக் கேட்டால், "தெரிஞ்சு என்ன செய்யப் போறீரு?" என்பார். நான் அப்போது ஒரு பத்திரிகையின் ஊர் நிருபர். அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். பேப்பர்காரன் வெளியே திரிவதைவிட வீட்டிலேயே இருந்தால் அவன்மேல் ஒரு கண் வைக்கலாம் என்றுதான் இடம் கொடுத்தாராம்.

ஒருநாள் அவரோடு பழக்கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, இது என்ன பழம்?"

"பன்னீர் திராட்சை. கம்பத்துச் சரக்கு."

"ஊரு, பேரு எல்லாம் இருக்கா? அப்ப வேண்டாம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பட்லர் திரும்பி வரும் வழியில் விளக்கினார். "பேரு எடுத்த பழம் பேரைக் காப்பாத்திட்டே கெடக்கும்வே. ருசியை எப்பக் காப்பாத்தும்?"

கப்பலில் கேப்டன்கள் சீட்டு ஒட்டிய பாட்டில்களில் குடிப்பார்களாம். பட்லரும் சமையல்காரரும் சின்னத் துறைமுகங்களில் இறங்கி, வீட்டு ஜாடியில் ஊற்றி விற்பதைக் குடிப்பார்கள். ஓரிடத்தில் குடித்த ஒயின் அவரை அசைத்துவிட்டது. என்ன திராட்சை என்று கேட்டதற்கு, "எங்கள் கொல்லைத் திராட்சை" என்று பதில் வந்தது. அந்தக் கொடியில் ஒரு துண்டை ஈரச் சாக்கில் சுற்றிப் பூட்ஸுக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

அது கிணற்றடியில் படர்ந்திருந்தது. மேலே பழைய மீன்வலை. வௌவாலுக்காக என்றார். எங்கள் தெருவில் வௌவால் கிடையாது. நான்தான் இருந்தேன்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. "என் கொடி ஒரு நாளாவது கோயில் பீடத்துல ஏறணும்." மாதா கோயிலுக்குப் பூசைக்கான திராட்சை ரசம் வெளியூரிலிருந்து, மதுவிலக்குக் காலத்துத் தனி அனுமதியோடு வந்துகொண்டிருந்தது. பட்லரின் ஒயினைக் கோயில் பாதிரியாரான பங்குச்சாமி தொட்டதில்லை. சுத்தமான திராட்சை இல்லையென்றால் பூசை செல்லாது. சாமிக்குச் சந்தேகம்.

எனக்கும்தான். வலைக்குள் நான் எண்ணியவை பதினேழு குலைகள். அலமாரியில் ஏழு பாட்டில்கள். கணக்கு உதைத்தது. போதாததற்கு, சாயர்புரத்திலிருந்து வரும் ஒரு பெண்ணிடம் அவர் கூடை கூடையாக நாவல்பழம் வாங்கியதையும் பார்த்திருந்தேன்.

எப்போதாவது ஒரு கரண்டி ஊற்றித் தருவார். நன்றாக இருக்கிறது என்றால், "எதுக்குச் சொல்லுதீரு?" என்பார். சரியில்லை என்றால், "யாரு சொல்லிக் குடுத்தா?"

மாதா திருநாளன்று விடிகாலை. பங்குச்சாமி பாட்டிலைத் திறந்திருக்கிறார். குப்பென்று காடி நெடி. வந்த ரசம் புளித்துவிட்டது. ஆறு மணிக்குப் பூசை. அவரே பட்லரின் கதவைத் தட்டினார். நானும் இறங்கி வந்தேன்.

"பட்லரே, மாதா மேல சத்தியமாச் சொல்லும். சுத்தத் திராட்சைதானா?"

பட்லர் அலமாரியைத் திறந்தார். "ஒரு பாட்டில் சுத்தம், சாமி. மத்த ஆறும் நாவப்பழம். திருடனுக்கும் விருந்தாளிக்கும்."

விருந்தாளி நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எது சுத்தம்?"

ஏழு பாட்டிலிலும் 'விளக்கெண்ணெய்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. "ஒண்ணுல மட்டும் அடையாளம் வச்சிருந்தேன். எவனாவது கண்டுபிடிச்சுருவாம்னு போன வாரந்தான் அழிச்சேன்."

"குடிச்சுப் பாரும்!"

"நன்மை வாங்கணுமே, சாமி!"

அந்தக் காலத்தில் பூசையில் நன்மை, அதாவது அப்பம், வாங்குகிறவர்கள் நடுச்சாமத்துக்குப் பிறகு தண்ணீர்கூடத் தொடக் கூடாது. பூசை வைக்கும் சாமிக்கும் அதே விரதம். தெரு முழுக்க விரதம். இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

நான் பெருமாள் கோயில் ஊர்க்காரன். எங்கள் வீட்டில் வெங்காயம்கூட நுழையாது. ஆனால் நாவல்பழ ருசி எனக்கு அத்துப்படி. அதற்குப் பட்லரே காரணம்.

முதல் பாட்டில் நாவல். இரண்டாவதும் நாவல். பட்லர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐந்தாவதில் நின்றேன். புளிப்பு, பின்னால் லேசான கசப்பு, அதற்கும் பின்னால் எதுவோ ஒன்று.

"என்னவே அது?"

"தெரியலையே. இதுக்குப் பேர் சொல்லத் தெரியலை."

"அதுதான்!" என்று கத்தினார் பட்லர். "சாமி, பேரு தெரியலைங்காரு! அதேதான்!"

சாமிக்கு அது போதவில்லை. வெள்ளைத் துணியில் மெதுவாக வடிகட்டினார். துணியில் மூன்று சின்ன விதைகள் தங்கின. நாவலுக்கு ஏது சின்ன விதை? சாமி தலையை ஆட்டிவிட்டு நடந்தார். பட்லர் செருப்பை மறந்து பின்னாலேயே ஓடினார்.

கோயிலின் கடைசி வரிசையில் நான் நின்றேன். பீடத்தில் ரசப் பாத்திரம் உயர்ந்தபோது எல்லோரும் குனிந்தார்கள். பட்லர் மட்டும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், யாராவது மாற்றிவிடுவார்களோ என்பதுபோல.

அதன்பின் ஒவ்வொரு திருநாளுக்கும் அந்த ஒரு பாட்டில் கோயிலுக்குப் போனது. இரண்டு வருஷம் கழித்து எனக்கு மதுரைக்கு மாற்றலானது. ரயிலடியில் பட்லர் 'விளக்கெண்ணெய்' பாட்டில் ஒன்றை என் பையில் திணித்தார்.

"வழக்கமானதுதானே?" என்றேன்.

"எதுக்குக் கேக்கீரு?" என்றார்.

அவரிடம் பழகிய புத்தி. மதுரையில் இறங்கியதும் துண்டை விரித்து வடிகட்டிப் பார்த்தேன். மூன்று விதைகள் தங்கின.