ஈசி கம்பவுண்டரின் வெள்ளோட்டம்

சுலபமான ஒரு காரியத்தை அவ்வளவு கஷ்டப்படுத்திச் செய்யக்கூடிய மனுஷர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் தேடிப்பிடித்து எங்கள் எதிர்வீட்டுக்கே குடிவந்தார். என் தலையெழுத்து, வேறென்ன சொல்ல!

எழுபதுகளில் நாங்கள் மரக்காணத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு உப்பு ஆபீசில் வேலை. எதிர்வீட்டுக்காரர் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். ஐம்பது வயதிருக்கும். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊர் வைத்த பெயர் ஈசி கம்பவுண்டர். கசப்பு மருந்தை நீட்டி, "ஒரே மடக்கு, ரொம்ப ஈசி" என்பார். கட்டியைக் கீற வந்தவனிடமும் ஈசி. கையொடிந்து வந்தவனிடமும் ஈசி. யாருக்கு ஈசி என்று மட்டும் சொல்லமாட்டார்.

அந்த மனுஷரிடம் நான் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் மகன் பாபு. நாலரை வயது. கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் அவற்றைத் தரையில் வைப்பது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். வாசலைத் தாண்டினால் இரண்டு கையையும் மேலே நீட்டி ஒரே வார்த்தை சொல்வான்: "தூக்கு." தூக்காவிட்டால் அங்கேயே உட்காருவான். ஆள் என்னவோ நெல்மூட்டை கனம். ஜூன் வந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடமோ உப்பளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு மைல் தூரம். வண்டி கிடையாது, பஸ் கிடையாது. என் வீட்டுக்காரர் விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு திசையில் போய்விடுவார். என் வயிற்றில் அடுத்தது ஐந்து மாதம். "இனிமே கனமா எதையும் தூக்கக்கூடாதும்மா" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்தப் பிள்ளையை எப்படி நடக்கவைக்கப் போகிறேன் என்று எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் டிஸ்பென்சரியில் டாக்டரிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது, பக்கத்தில் நின்று மருந்து கலக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டர் தலையை நீட்டினார்.

"எதுக்கும்மா கவலை? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம தெருப் பசங்கள எல்லாம் சேத்துக்கினு சின்னதா ஒரு நடை. மரம் மட்டை, பட்சி பறவை எல்லாம் பாத்துட்டு வரலாம். பையன் தன்னால நடப்பான். ரொம்ப ஈசி!"

சரியென்று தலையாட்டினேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சவுக்குத்தோப்பு வரைக்கும் போய்வர என்ன வேண்டும்? செருப்பு வேண்டும், புறப்பட வேண்டும். கம்பவுண்டருக்கு அப்படியில்லை. வெயில் இருக்கக்கூடாது, காற்று அடிக்கக்கூடாது, மேடு கூடாது, பள்ளம் கூடாது, வழியில் நாய் கூடாது, முக்கியமாக முள் கூடாது. இத்தனையும் பொருந்திய பாதை மரக்காணத்தில் எங்கே இருக்கிறது? தெருவை விட்டு இறங்கினால் வேலிக்காத்தான் முள். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வெள்ளோட்டம் போவார். அதுவும் வெறுங்காலோடு. பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டு, செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது நொண்டிக்கொண்டு வருவார்.

"இந்த வழி ஈசி இல்லம்மா. நாலு எடத்துல குத்திடுச்சி. ப்ரோக்ராம் கேன்சல்."

"சார், பசங்கதான் செருப்பு போட்டுக்கினு வருவாங்களே?"

"செருப்பு அறுந்துட்டா?"

ஊர்ப்புண்ணுக்கெல்லாம் மருந்து போடுகிற மனுஷர், ஞாயிற்றுக்கிழமை தன் காலுக்கே டிங்க்சர் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். இப்படியே தை பிறந்து பாதி போய்விட்டது. பாபு என் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

ஒருவழியாக ஒரு பாதை தேறியது. சவுக்குத்தோப்பு. அன்றைக்கு அவர் கொண்டுவந்த சாமானைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரர், "காசிக்கா போறீங்க?" என்று கேட்டார். ஒரு கூஜா தண்ணீர், இரண்டு குடை, உட்கார ஒரு கோணி, ஒரு பாத்திரம் நிறைய வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பஞ்சு, டிங்க்சர், ஒரு நீளக் கயிறு. கயிற்றில் முழத்துக்கு முழம் முடிச்சு. ஒரு முடிச்சுக்கு ஒரு குழந்தை பிடித்துக்கொள்ள வேண்டுமாம். மீன் கூடையோடு போன ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, "ஏம்பா, சந்தைக்கா ஓட்டினு போற?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எல்லாரும் முடிச்சைப் பிடித்த பிறகு ஒருத்திக்கு ஒண்ணுக்கு வந்தது. அவள் திரும்பி வந்தபோது இன்னொருவனுக்கு வந்தது. பிறகு ஒருவனுக்குத் தாகம். அவன் குடித்ததைப் பார்த்து எல்லாருக்கும் தாகம். தாகம் தீர்ந்ததும் மறுபடி ஒண்ணுக்கு. கம்பவுண்டர் அண்ணாந்து பார்த்தார்.

"வெயில் ஏறிடுச்சிம்மா. இது இப்போ ஈசி இல்ல."

என் வீட்டு வராந்தாவில் கோணியை விரித்து, எல்லாரும் கிழங்கு தின்றுவிட்டு எழுந்துபோனார்கள். தோலையெல்லாம் நான்தான் பெருக்கினேன்.

அடுத்த வாரம் கடற்கரை. தெருமுனை தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் பாபு கையைத் தூக்கினான். "தூக்கு!" கம்பவுண்டர் தூக்கவில்லை. அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. குழந்தை நடக்க மாட்டேனென்றால் தூக்கவும் கூடாது, அதட்டவும் கூடாது. அது உட்கார்ந்தால் எல்லாரும் கூடவே உட்கார வேண்டும். அஞ்சு நிமிஷம் கழித்து எழுந்திருக்க வேண்டும். பாபு உட்கார்ந்தான். பக்கத்தில் இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பின்னாலேயே கயிறு மொத்தமும் உட்கார்ந்தது, நட்டநடு ரோட்டில். பாண்டிச்சேரியிலிருந்து வந்த பஸ் க்றீச்சென்று நின்றது.

"யோவ் கம்பவுண்டர்! எந்திரிய்யா!" என்று டிரைவர் கத்தினார்.

"கொழந்த ரெஸ்ட் எடுக்குதுப்பா. அஞ்சு நிமிஷம்."

"ரெஸ்ட் எடுக்க ரோடுதான் கெடச்சிச்சா?"

"எங்க ஒக்காரணும்னு கொழந்ததானே முடிவு பண்ணணும்? நாம்பளா பண்ண முடியும்?"

கண்டக்டர் இறங்கிவந்தார். பேசிப் பிரயோசனமில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி பஸ்ஸில் போட்டு, தெருமுனையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அதனால் பாபு கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: ரோட்டில் உட்கார்ந்தால் பஸ் வந்து தூக்கிக்கொண்டு போகும். அதற்கப்புறம் அவன் எங்கே உட்கார்ந்தாலும் கழுத்தைத் திருப்பி பஸ்ஸைத் தேடினான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கூஜாவை எடுத்து அவர் தலையிலேயே போட்டிருப்பேன்.

"இதோட போதும் சார்" என்றேன்.

"ஒரே ஒரு வாட்டிம்மா. அளத்துப் பக்கம் பூநாரை எறங்கியிருக்குது. காலு நீட்டா, செவப்பா... பாத்தான்னா பையன் ஓடுவான். வழி நான் பாத்துட்டேன். ஒரு முள்ளு இல்ல. ரொம்ப ஈசி!"

போனோம். மாசி மாதம், இளங்காலை. உண்மையிலேயே நல்ல வழிதான். உப்பளத்தில் உப்புப் பாத்திகளுக்கு நடுவே ஒற்றையடி வரப்பு ஓடியது. தூரத்துத் தண்ணீரில் பறவைகள் தெரிந்தன. பாபு என் புடவையைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் வந்துவிட்டான். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அப்போதுதான் கம்பவுண்டர் நின்றார். வரப்பைப் பார்த்தார். கீழே பாத்தியைப் பார்த்தார்.

"வரப்பு குறுகலா இருக்குது. பசங்க வுழுந்துடும். எல்லாரும் கீழ எறங்குங்க. பாரு, எவ்ளோ சமமா இருக்குது!"

சமமாக இருக்காதா பின்னே? உப்புக் காய்ச்சுகிற பருவம் தொடங்கும்முன் பாத்தியின் களிமண்ணைக் காலாலேயே மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவார்கள். ஆணும் பெண்ணுமாக வரிசையாக நின்று, நாள் கணக்கில், அடிமேல் அடி வைத்து மிதிப்பார்கள். மிதித்து முடித்த பாத்தி காய்கிறவரை காக்கா குருவிகூட அதில் இறங்கக்கூடாது. ஒரு பள்ளம் விழுந்தாலும் உப்பில் சேறு கலந்துவிடும். உப்பு ஆபீஸ்காரர் பெண்டாட்டி எனக்கே இது தெரியும். "சார், வேணாம்" என்று நான் வாயைத் திறப்பதற்குள் கயிறு முழுவதும் இறங்கிவிட்டது. தரை மெத்தென்று இருந்ததில் குழந்தைகளுக்கு ஒரே குஷி, குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாபுவும்தான்.

"அடப்பாவிங்களா!"

கூவிக்கொண்டே ஓடிவந்தவள் அஞ்சலை. அந்தப் பாத்தியை மிதித்த கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

"யோவ் கம்பவுண்டரு! கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? நேத்து பொழுதுசாய மிதிச்சி முடிச்ச பாத்திய்யா அது!"

"இல்லம்மா... சமமா, மெத்துன்னு, முள்ளே இல்லாம, நடக்கறதுக்கு ஈசியா இருந்துச்சி..."

"ஈசியா? அத்த ஈசியாக்கத்தான்யா எங்க காலெல்லாம் தேஞ்சி போச்சி!"

மனுஷர் அசடு வழிந்ததை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோயிற்று.

அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மிதித்த பாத்தியில் யார் கால் பட்டாலும் அவர்தான் திரும்ப மிதித்துக் கொடுக்க வேண்டும். முதலாளி இறங்கினாலும் முதலாளி மிதிக்க வேண்டும். நாய் ஓடினால் நாயை வளர்க்கிறவன் மிதிக்க வேண்டும். அஞ்சலை இடுப்பில் கைவைத்து நின்றாள். கம்பவுண்டர் பேண்ட்டை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். அவருக்கு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று குழந்தைகளை நிறுத்தி, நடுவில் அஞ்சலையும் நின்றாள். "குதிக்கக்கூடாது. ஒட்டி ஒட்டி வைக்கணும். மிதி... மிதி... ம்ம், மிதி!"

நான் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து கிழங்கு தின்றேன். பூநாரைகள் இந்தச் சத்தத்தில் எப்போதோ பறந்து போய்விட்டன, யாரும் பார்க்கவில்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, அங்கிருந்து இங்கே, மறுபடி அங்கே. மற்ற குழந்தைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து வரப்பேறின. பாபு ஏறவில்லை. முழங்கால் வரைக்கும் சேறு, மூக்கு நுனியில் சேறு, முகத்தில் அப்படியொரு மும்முரம். "அம்மா! நான் மிதிச்ச எடம் பாரு!" என்று கத்தினான். ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை. அஞ்சலை அவன் காலைக் கழுவிவிட்டு, "இது அளத்துக்காரன் காலுடா, ராசா" என்றாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். கம்பவுண்டர்தான். உடனே பாபுவும் பக்கத்தில் உட்கார்ந்தான். சட்டமாயிற்றே! எல்லாரும் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்துப் பாபு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, எந்திரி. அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சி."

கம்பவுண்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களாம்மா? ஈசி!"

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு பாபு நடந்தான். நடந்தான் என்றால், மிதித்தான். ஒட்டி ஒட்டி, ஒரு இடம் விடாமல். கோயிலுக்குப் போவதற்குள் தீபாராதனை முடிந்துவிடும். "நடக்க மாட்டேன்னு இருந்தவன் இப்போ தரைய ஒடைக்கறானே" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். சித்திரையில் எனக்குப் பெண் பிறந்தது. ஜூனும் வந்தது.

முதல் நாள். இடுப்பில் கைக்குழந்தை, ஒரு கையில் பை, இன்னொரு கையில் பாபு. வழியில் 'தூக்கு' என்று சொல்லிவிட்டால் என் கதி என்ன? அளத்தை ஒட்டிய பாதையில் இறங்கினோம். இரண்டு பக்கமும் வேலிக்காத்தான். பாபு குனிந்து தரையைப் பார்த்தபடி மிதித்துக்கொண்டே வந்தான். திடீரென்று நின்றான். எனக்கு உயிரே போய்விட்டது.

"அம்மா, முள்ளே இல்ல."

அப்போதுதான் பார்த்தேன். பாதையில் ஒரு முள் இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு உருவம். முழங்கால் வரை மடித்த பேண்ட், கக்கத்தில் செருப்பு. விடிவதற்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும். குனிந்து குனிந்து முள்ளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுக்கொண்டே போனார். வழக்கம்போல நொண்டினார்.

"சார்! இன்னா சார் இது? டிஸ்பென்சரியில ஜனங்க காத்துக்கினு இருக்கப் போறாங்க!" என்று கத்தினேன்.

"இதோ ஆச்சிம்மா. வெள்ளோட்டம் பாத்துட்டேன். இனிமே ஈசி..." என்று அடியெடுத்து வைத்தவர் "ஸ்ஸ்" என்று பாதையோரம் உட்கார்ந்துவிட்டார். குதிகாலில் ஒரு முள் முழுசாக இறங்கியிருந்தது.

பாபு ஓடினான். ஆமாம், ஓடினான். போய் அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என்னையும் கையைக் காட்டிக் கூப்பிட்டான். "அம்மா, ஒக்காரு. அஞ்சு நிமிஷம்." தூரத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது. முதல் நாளே லேட்டு! நான் கைக்குழந்தையை அவர் மடியில் போட்டேன். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி அந்த முள்ளை நோண்டி எடுத்தேன். எடுக்கிற வரைக்கும் வாய் ஓயாமல் திட்டினேன். வயசாச்சே, புத்தி வேணாமா, ஒரு செருப்பைக் காலில் போட்டால் குடியா முழுகிப்போகும், உங்களை யார் முள் பொறுக்கச் சொன்னது என்று, தை மாதத்திலிருந்து சேர்த்துவைத்த அத்தனையையும் கொட்டினேன். மனுஷர் காலை நீட்டிக்கொண்டு, என் பெண்ணுக்குப் பூநாரை காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் எங்களுக்கு மாற்றலாகிவிட்டது. அப்புறம் நான் அவரைப் பார்க்கவேயில்லை. இப்போது நினைத்தால், அன்றைக்கு அந்தப் பாதையோரம் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அவரைத் திட்டியிருக்கலாம் என்று இருக்கிறது.