யூனிக்ஸ் ஒதுக்கிய வீடு

உலகில் திருட முடியாத செல்வம் கல்வி ஒன்றுதான் என்று சொல்லிப்போன பெரியோர்கள் அம்பத்தூர் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால் எங்கள் தொழிற்சாலைக் கம்ப்யூட்டரையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருப்பார்கள்.

1994-ல் அது வந்திறங்கியது. குளிர்சாதன அறை. செருப்புக்கு அனுமதி இல்லை. பொறுப்பாளர் பக்தவத்சலம், நிர்வாகக் கண்காணிப்பாளனாகிய எனக்கு அதன் மகிமையை விளக்கினார்.

"மத்த கம்பெனியில எல்லாம் டாஸ் சார். இருமினாலே வைரஸ் வந்துடும். நம்மளுது யூனிக்ஸ். எந்தக் கொம்பனும் உள்ள நுழைய முடியாது."

"பாஸ்வேர்டு?"

"எனக்கு மட்டும்தான் தெரியும்."

கம்பெனி குவார்ட்டர்ஸில் வீடு கேட்டவர்களின் பட்டியலையும் அந்தக் கோட்டைக்குள் ஏற்றினோம். பழைய நோட்டு எடைக்குப் போனது. முதல் பெயர் ஸ்டோர்ஸ் குமாஸ்தா வசந்தகுமாரி. ஒன்பது வருடக் காத்திருப்பு. பருத்திப்பட்டில் வாடகை வீடு. மழை பெய்தால் ஏரி அவர் சமையலறைக்கு வந்துவிடும். வரும் தை மாதம் ஒரு குவார்ட்டர்ஸ் காலியாகப் போகிறது.

அதற்குள் ஆயுத பூஜை. லேத்துக்கும் லாரிக்கும் வைத்ததுபோல் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம். பக்தவத்சலம் பாஸ்வேர்டைத் தட்டி, திரையைத் திறந்து, கற்பூரம் காட்டினார்.

"மூடிடலாமே?" என்றேன்.

"பூஜையில வெச்சதை மறுநாள் வரைக்கும் தொந்தரவு பண்ணக் கூடாது சார். சரஸ்வதியை அணைக்கலாமா? கதவும் திறந்தே இருக்கட்டும். எல்லாரும் தொட்டுக் கும்பிடட்டும்."

எல்லாரும் கும்பிட்டார்கள். பொரி ஒட்டிய விரலால் கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கூட்டம் கலைந்தபின் நானும் பத்து நிமிடம் தனியாக நின்று பக்தி செலுத்தினேன்.

மார்கழியில் பட்டியல் அச்சாகி வந்தது. வசந்தகுமாரி நாற்பத்தோராம் இடம்! காகிதத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"இன்னா சார் இது? மொதல்ல இருந்த பேரு இங்க எப்பிடி வந்துச்சு? யாரோ கை வெச்சிக்கீறாங்க."

"அம்மா, இது யூனிக்ஸ்."

"இன்னாவா இருந்தா இன்னா? பூஜையன்னிக்கு ஆபீஸே பார்க்கத் தொறந்து போட்டுகினு இருந்தீங்களே!"

விசாரணைக் கமிட்டி கூடியது. "வைரஸே நுழைய முடியாத இடத்துல மனுஷன் எப்படி சார் நுழைவான்?" என்றார் பக்தவத்சலம். வாதத்தின் தெளிவில் கமிட்டி நெகிழ்ந்தது. 'பட்டியல் பிழையற்றது, மனுதாரரின் ஞாபகமே பிழையானது' என்று முடிவெழுதினோம். கமிட்டித் தலைவன் நான். பட்டியலில் முதல் பெயரும் என்னுடையதுதான். யூனிக்ஸின் சித்தத்தை மறுக்க நான் யார்?

தை வெள்ளியன்று புது வீட்டில் பால் காய்ச்சினேன். ஆபீஸ் முழுவதும் வந்தது, வசந்தகுமாரியும் வந்தார். வாசலில் நான் புதுப் பூட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பூட்டு இன்னாத்துக்கு சார்?" என்றார் அவர். "கதவுல யூனிக்ஸ்னு எழுதி வெச்சிடுங்க. உள்ள பூந்தவன் யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."