கோல்கீப்பரை நான் நீக்கவில்லை

மாட்டுங்கா, மும்பை
ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு

சிரஞ்சீவி பஞ்சுவுக்கு அத்திம்பேர் அனந்தகிருஷ்ணன் அனேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா அபயாம்பாள், நிகில் மூவரும் உடம்பைப் பொறுத்தவரை சௌக்கியம். உன் ஆத்துக்காரி, குழந்தைகள், உன் இடது முழங்கால் ஆகியோரின் சௌக்கியத்துக்குப் பதில் போடவும்.

இந்தக் காலத்தில் போய் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். என் போன் உன் அக்காவின் வசம் இருக்கிறது. எங்கே வைத்திருக்கிறாள் என்று சொல்ல மறுக்கிறாள். நேற்றுக் காலை புழுங்கலரிசி டப்பாவுக்குள்ளிருந்து மணியடித்த மாதிரி இருந்தது. திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் உன்னைக் கூப்பிட்டு, இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, ஊரான் பிள்ளைகளின் வேலையைப் பறித்துக்கொண்டிருக்கிறார் என்றெல்லாம் சொல்லியிருப்பாள். அதில் பாதி உண்மை இல்லை. மற்றப் பாதி அவள் சொன்னதைவிட மோசமாக நடந்தது. ஆகையால் என் தரப்பையும் கேட்டுக்கொள்.

செம்பூரில் ஹார்பர் சிட்டி என்று ஒரு கால்பந்துக் கழகம் இருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு விளையாடுகிற தொழில்முறை ஆட்டக்காரர்கள். இந்த சீசனில் பெரும்பாலும் சம்பளம் மட்டும் வாங்கினார்கள். நம் நிகில் அந்தக் கழகத்தின் பரம பக்தன். ஆபீஸிலிருந்து வந்ததும் போனைப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்து, அதன் முன்னால் நின்று அன்றைய ஆட்டத்தைப் பற்றி இந்தியில் பேசுவான். அது யூடியூபில் போகும். சீசன் முடிந்ததும் எல்லாக் கழகமும் சில ஆட்டக்காரர்களைக் கழற்றிவிடுமாம். யார் யார் என்று கழகம் அறிவிப்பதற்கு முன்னாலேயே ஊகித்துச் சொல்வதுதான் ரசிகர்களுக்குக் கோடைக்காலப் பொழுதுபோக்கு. நிகிலும் அன்றைக்கு ஏதேதோ புள்ளிவிவரம் சொல்லி, ஒன்பதாம் நம்பர் போவான், ஏழாம் நம்பர் போவான் என்று பேசிக்கொண்டிருந்தான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அஞ்சாம் நம்பர் போயிடுவான்" என்றேன்.

"அப்பா, லைவ் போயிண்டிருக்கு."

"போகட்டும். அஞ்சாம் நம்பரும் போயிடுவான்."

உனக்குத் தெரியும், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பர்சனல் செக்‌ஷனில் ஆள் எடுக்கிற, அனுப்புகிற ஃபைல்களோடு தலை நரைத்தவன் நான். ஒரு மனுஷனை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்றால் ஆர்டர் டைப் ஆவதற்கு வெகு முன்னாலேயே சகுனங்கள் தெரிய ஆரம்பித்துவிடும். அவன் தலைக்கு மேல் இருக்கிற ஃபேன் நின்றுபோனால் ரிப்பேருக்கு ஆள் வராது. சர்க்குலரில் அவன் பெயர் தப்பாக வரும். குரூப் போட்டோவில் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ என்பார்கள். கழகத்தின் போட்டோவில் அந்த அஞ்சாம் நம்பருக்குத் தோளில் பாதிதான் இருந்தது. பதினோராம் நம்பரின் பிறந்தநாள் வாழ்த்தில் வேறு யாரோ ஒருவனின் படத்தைப் போட்டிருந்தார்கள். பிரேசில்காரர் ஒருவர் இருந்தார். அவர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போதே டீம் பஸ் கிளம்பிப் போவதைக் கழகமே வீடியோவாகப் போட்டிருந்தது. இதற்கு மேல் என்ன சகுனம் வேண்டும்? மூன்று பேர் பெயரையும் சொல்லிவிட்டு பீன்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை கழகம் அறிவித்தது. அதே மூன்று பேர்.

அதற்கப்புறம் நான் நானாக இல்லை, பஞ்சு. "மாட்டுங்கா அங்கிள்" ஆகிவிட்டேன். கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டலில் கேட்காமலேயே இரண்டாவது கிண்ணம் சாம்பார் வந்தது. கல்லாவில் இருக்கிறவர் குனிந்து, தன் மச்சான் வேலை பார்க்கிற கம்பெனியைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார். கறிகாய் மார்க்கெட்டில் வாட்டசாட்டமான ஒரு பையன் என் பையைப் பிடுங்கிக்கொண்டான். திருடன் என்று நினைத்துக் கத்தப் போனேன். அவன் ஹார்பர் சிட்டியின் எட்டாம் நம்பராம். வீடுவரைக்கும் பையைத் தூக்கி வந்து, படியில் நின்று, "அங்கிள், அக்லே சீசன் மே மை ஹூம் கி நஹி?" என்று கேட்டான். அடுத்த சீசனில் அவன் உண்டா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? "பார்க்கலாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு மறுநாள் ஒரு பெட்டி மாம்பழம் வந்தது. "ஏன்னா, இது யார் வயித்தெரிச்சல்?" என்று கேட்டுக்கொண்டே உன் அக்கா அதில் ரசம் பிழிந்தாள்.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நிகில், "அப்பா, இன்னும் ஒரே ஒரு பேர். பப்ளிக் கேட்கறது" என்றான். பப்ளிக் கேட்டால் எப்படி மறுப்பது? செம்பூரில் கழகத்தின் கடைக்கு அவனோடு போயிருந்தேன். பாதி விலைக் குவியலில் கோல்கீப்பரின் சட்டை மட்டும் கிடந்தது. அதன்மேல், சரியாக அவன் பெயர்மேல், ஒரு பூனை படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வீடியோவில், "கோல்கீப்பர் ஷாகிரும் போயிடுவான், பூனைக்கே தெரிஞ்சுடுத்து" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால், தலையில் முக்காடு போட்ட ஓர் அம்மாள் மூன்று மாடி ஏறின மூச்சோடு நிற்கிறாள்.

"நீங்கதான அந்த மாட்டுங்கா அங்கிளு?"

பெருமையாக ஆமாம் என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

"நான் மதீனா பீவி. தாராவியிலேருந்து வாரேன். கோல்கீப்பர் ஷாகிருக்கு உம்மா. எம்புள்ள ஒங்களுக்கு என்ன செஞ்சான்? ஒங்க வீட்டுக் கண்ணாடிய ஒடைச்சானா? ஒங்க பேத்தியக் கேலி பண்ணுனானா?"

"எனக்குப் பேத்தி இல்லை" என்றேன்.

"பொறவு என்னத்துக்கு எம்புள்ளையக் கழட்டி விடுதீய? காட்கோபர்ல ஷாகுல் ஹமீது மவ பரீஹாவப் பேசி முடிச்சிருக்கோம். அவரு ஒங்க வீடியோவப் பாத்துட்டு, மாப்பிளைக்கு வேல போவப்போவுதாம்ல, கல்யாணத்தக் கொஞ்சம் நிறுத்தி வைப்போம்ங்காரு. ஒரு பூனை படுத்துச்சுன்னு கல்யாணம் நிக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

நான் பர்சனல் செக்‌ஷன் அனுபவத்தை விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் உன் அக்கா காபியோடு வந்து, அந்த அம்மாளை உட்காரவைத்து, முழுக்கதையையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் என் பக்கம் கையை நீட்டி, "போனைக் குடுங்கோ" என்றாள். கொடுத்தேன். "சட்டையைப் போட்டுக்கோங்கோ. இந்தம்மாவோட போய், சொன்னது தப்புன்னு அந்த மனுஷர்கிட்டச் சொல்லிட்டு வாங்கோ. கல்யாணம் நடக்காம இந்த ஆத்துல உங்களுக்கு ரசம் கிடையாது." மாம்பழ ரசமா மிளகு ரசமா என்று கேட்க நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

ஷாகுல் ஹமீதுக்குத் தாராவியில் பட்டறை. பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறார். மெஷின் சத்தத்துக்கு நடுவே ஒரு ஸ்டூலில் என்னை மரியாதையாக உட்காரவைத்தார். ஷாகிரைப் பற்றி நான் சொன்னது தவறு, ஆதாரமில்லாதது, பூனையை நம்பிச் சொன்னது என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், மொதல்ல மூணு பேரச் சொன்னீய. மூணும் அப்படியே நடந்துச்சு. இப்ப நாலாவது மட்டும் பொய்ங்கீய. இதுக்கு என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"இந்தக்கா ஒங்களுக்கு பிரியாணி குடுத்திருக்காவன்னு அர்த்தம்."

"நான் பிரியாணி சாப்பிடறதில்லை."

"அப்ப, மாம்பழம்."

எட்டாம் நம்பர் அனுப்பின பெட்டி ஞாபகம் வந்து திருதிருவென்று விழித்தேன். அதை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். "கிளப்புல எழுதி வாங்கிட்டு வாங்க. வேல நிக்குமா நிக்காதான்னு தெரியாத மாப்பிளைக்கு எம்மவளக் குடுக்க ஏலாது" என்று சொல்லி, எனக்கு ஒரு பள்ளிக்கூடப் பையைப் பரிசாகவும் கொடுத்தார். முயல் படம் போட்டது. வேண்டாம் என்றால் இன்னும் சந்தேகப்படுவாரோ என்று வாங்கிக்கொண்டேன்.

ஆக, முதுகில் முயலோடு நான் செம்பூரில் கழகத்தின் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தேன். மேனேஜர் பெயர் ஷ்ரவண். நம் தமிழ்ப் பையன்தான், செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்க அங்கிள். உங்களுக்கு தேங்க்யூ சொல்லணும்னு நானே நினைச்சேன். யாரை ரிலீஸ் பண்றதுன்னு போர்டுல தினம் சண்டை. உங்க வீடியோ வந்தது. பப்ளிக்கே மூணு பேரை மனசுல அனுப்பிடுத்து, இனிமே நமக்கு என்ன டென்ஷன்னு சைன் பண்ணிட்டோம்."

நான் முயல் பையைக் கீழே இறக்கி வைத்தேன். "அப்போ நான் சொல்றதுக்கு முன்னாடி?"

"அவா பேரே லிஸ்ட்ல இல்லை."

"ஷாகிர்?"

"அவனும் இல்லை. ஆனா நீங்க சொன்னதுக்கப்புறம் யோசிச்சிண்டிருக்கோம்."

பஞ்சு, அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது என்று உன்னிடம்தான் சொல்ல முடியும். என் உத்தியோக காலத்தில் எத்தனையோ ஆர்டர்களை டைப் செய்யக் கொடுத்திருக்கிறேன். ஆனால் யாரையும் நானாக அனுப்பினதில்லை. பீன்ஸ் நறுக்கும்போது மூன்று குடும்பத்தைக் கலைத்திருக்கிறேன். ஷாகிரையாவது விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். ஷ்ரவண் வருத்தத்தோடு, "சரி அங்கிள், அவனுக்குப் பதிலா வேற ஒரு பேர் குடுங்கோ. போர்டுக்கு நான் ஏதாவது சொல்லணுமே" என்றான்.

அப்போது டீ வந்தது. எனக்குக் கழகத்தின் சின்னம் போட்ட பீங்கான் கோப்பையில். அவனுக்குப் பேப்பர் கப்பில்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கதோஷம், கேட்டுவிட்டேன். "உன் கப் எங்கேப்பா?"

"கழுவப் போச்சு. திரும்பி வரலை."

"ஏசி ஓடலையே?"

"ஆள் வரேன்னு சொன்னான். வரலை."

"போர்டு மீட்டிங்குக்குப் போறியோ?"

"இப்பல்லாம் மீட்டிங் முடிஞ்சப்புறம் எனக்கு மெயில் அனுப்பறா" என்றான். பேப்பர் கப்பைப் பார்த்தான். என் கோப்பையைப் பார்த்தான்.

"அங்கிள், நானா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

அவன் எழுந்து, கதவைச் சாத்தி, கம்ப்யூட்டரைத் தட்டி, ஷாகிருக்கு இரண்டு வருஷக் காண்ட்ராக்ட் எடுத்து, "என் கையெழுத்து செல்லுபடியாறவரைக்கும் நாலு நல்லது பண்ணிட்டுப் போறேன்" என்று கையெழுத்துப் போட்டான். அதே வேகத்தில் அஞ்சாம் நம்பரையும் பதினோராம் நம்பரையும் திரும்ப அழைத்துக் கடிதம் போட்டான். பிரேசில்காரருக்கும் போட்டான், அவர் அதற்குள் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் வேலை, பஸ்ஸுக்காக ஓட வேண்டியதில்லை, பரம சந்தோஷம் என்று பதில் எழுதினாராம். ஷ்ரவணைப் போன வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை. பேப்பர் கப் என் வருகைக்கு முந்தியது.

காண்ட்ராக்டைப் பார்த்ததும் ஷாகுல் ஹமீது ஒத்துக்கொண்டார். நிக்காஹ் அடுத்த மாதம். மதீனா பீவி எங்கள் வீட்டுக்கு வந்து உன் அக்காவைக் கட்டிக்கொண்டு, "எம்புள்ளையோட வாழ்க்கைய நீங்கதான் காப்பாத்திக் குடுத்தீய" என்று அழுதாள். காப்பாற்றியது நான், கட்டிக்கொண்டது அவளை. போகட்டும். இருவரும் இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்கள், அதுவும் என் போனில். நிக்காஹ் முடியும்வரை எந்த ஜீவனுடைய எதிர்காலத்தைப் பற்றியும் நான் வாய் திறக்கக் கூடாது என்பது இருவரின் கூட்டுத் தீர்மானம்.

நானும் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டுவிட்டேன். அடுத்தவன் உத்தியோகத்தைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுவது மகா பாபம். நான் சொன்னது தவறு, போய்த் திருத்தினது சரி, ஒரு பிள்ளையின் வேலையும் கல்யாணமும் நிலைத்தன. அக்கா என்ன சொன்னாலும் நீ நம்ப வேண்டியது இது ஒன்றைத்தான்.

உன் அகத்தில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். பகவான் உங்கள் எல்லோருடைய உத்தியோகத்தையும் ஃபேனையும் குறைவில்லாமல் ஓடவைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அத்திம்பேர்,
அனந்தகிருஷ்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகிற சமயத்தில் ஷாகிர் வந்தான். நல்லவேளை, உன் அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். பையன் ஆறடி உயரம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து விரலை நெரித்துக்கொண்டிருந்தான். "அங்கிள், காண்ட்ராக்ட நேத்துத் திருப்பிக் குடுத்துட்டேன். ஷாகுல் மாமா பட்டறையிலயே சேந்துட்டேன். மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம், உம்மாவுக்கு நாளைக்குத்தான் சொல்லணும்" என்றான். ஏண்டாப்பா என்று கேட்டேன். "சின்ன வயசுலேருந்தே எனக்கு பந்து வந்தாப் பயம் அங்கிள். கண்ண மூடிக்கிட்டு விழுவேன், அதுவா வந்து கையில படும். ஒங்க வீடியோவப் பாத்து வீட்டுல எல்லாரும் அழுதாங்க. நான் ஒருத்தன்தான் நிம்மதியாத் தூங்குனேன். நீங்க போயி ரெண்டு வருசம் எழுதி வாங்கிட்டு வந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எப்படி அங்கிள் கண்டுபிடிச்சீங்க?" என்றான். ஆகவே மேலே எழுதியதில் நான் சொன்னது தவறு, திருத்தினது சரி என்று வருகிற இடத்தை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்.