மீன்களுக்குப் பெரட்டு எடுத்த கதை

எனக்குச் சொல்பேச்சு கேட்கிற பழக்கம் எப்போதுமே கிடையாது. தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற கங்காணி வேலை கிடைத்த பிறகு அது முற்றிப்போய்விட்டது.

மகள் கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்துக்கு மீன் கறி போடுவதாக அக்கரப்பத்தனையில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவைத்தேன். என் மனைவி ஸ்டெல்லா லீக்ஸ் போட்டிருந்த துண்டு நிலத்தைத் தோண்டிக் குளமாக்கிக் கெண்டைக் குஞ்சுகளை விட்டேன். அவள் பிடுங்கிப்போட்ட லீக்ஸை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். (திட்டியிருந்தால் பயம் குறைந்திருக்கும்.)

தீனியும் என் கைவேலைதான். தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் மூன்றையும் வேகவைத்து உருண்டை பிடித்தேன். மணம் பிடித்து, பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து என்ன கறி என்று கேட்டார்கள். குளிரில் கெண்டை அதிகம் தின்னாது, மிஞ்சுகிற தீனி அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று மீன்வளர்ப்பு உத்தியோகத்தர் படித்துப் படித்துச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெயிலில் வளர்ந்த மனுஷனுக்கு எங்கள் குளிரைப் பற்றி என்ன தெரியும் என்று உருண்டையைப் பெரிதாக்கினேன்.

விருந்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கப் பெரட்டுக் களத்துக்குக் கிளம்பினேன். குளத்தைப் பார்த்தால், அத்தனை மீனும் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. எனக்குப் புல்லரித்துவிட்டது. கூப்பிடாமலே பெரட்டுக்கு வந்து நிற்கிற ஆட்களை அன்றுதான் கண்டேன். தலைகளை எண்ணிவிட்டு, சந்தோஷத்தில் ஒரு பேசின் தீனியை அப்படியே கொட்டினேன். பெருமையைக் காட்ட ஸ்டெல்லாவையும் கூப்பிட்டேன்.

அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். "என்னங்க, அதுங்க பசியில வாயத் தொறக்கல. மூச்சு முட்டித் தொறக்குதுங்க."

அப்புறம் லயமே வாளியோடு ஓடிவந்தது. மலையிலிருந்து வடிகிற பீலித் தண்ணீரை மேலேயிருந்து ஊற்ற ஊற்ற, ஸ்டெல்லா இடுப்பளவு குளிர்த் தண்ணீரில் இறங்கி அழுகின தீனியை அள்ளினாள். நான் கரையில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். பாதி மீன்கூடப் பிழைக்கவில்லை; பிழைத்தது விருந்துக்குப் போதாது. விருந்தன்று அவள் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை வெட்டிப்போட்டுக் கறி வைத்து என் மானத்தைக் காப்பாற்றினாள். மீன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, பாவம்.

ஆனால் இத்தனை வருஷமாகியும் வீட்டில் விடவில்லை. போன மாதம் மகள் பிரசவம் முடிந்து வந்தாள். பேத்தி வாயைத் திறந்து வீறிட்டதும், பசிக்கிறது, பாலைக் கொடு என்று மகளிடம் சொன்னேன்.

ஸ்டெல்லா திரும்பியே பார்க்கவில்லை. "அப்பா சொல்றத கேக்காத பிள்ள. மொதல்ல ஜன்னலத் தொற."