பெண்கள் பக்கத்து மின்விசிறியைத் தபீதாள் முடுக்கிய படலம்

புகைசூழ் ஜி.எஸ்.டி. சாலை வடக்கும் தெற்குமாய்ப் புரண்டோட, அதன் அருகே தண்டவாளங்கள் பின்னிக் கிடக்க, அவ்விரண்டையும் கடந்து வந்தோர் மட்டுமே அடையத்தக்க மேற்குத் தாம்பரத்தில், பெயின்ட் கடைக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே விளங்கும் சிறுசபையின் மகளே, வாழி! இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் கண்டக்டரிடம் சொல்லக் கூசி அடுத்த நிறுத்தம்வரை போய் நடந்து திரும்பிய பொறுமைப் பெருமலையே, வாழி! காபி கேட்டு டீ வந்தாலும் அதையே குடித்துவிட்டு நன்றி சொல்லி எழுந்த மென்னெஞ்சத்தாளே, வாழி! இயற்பியலில் பட்டம் பெற்றவளே, வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் தரையைப் பார்த்து நின்றவளே, தபீதாளே, வாழி! நீ எழுந்து நின்ற அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை இவ்வுலகம் அறியட்டும்.

அம்மண்டபத்தின் நடுவே விரித்த சிவப்புப் பாய் ஆடவர் நாட்டையும் மகளிர் நாட்டையும் இரண்டாகப் பிரித்தது. ஆடவர் நாட்டு வானில் இரண்டு மின்விசிறிகள் சலியாது சுழன்றன. மேடையில் பாஸ்டருக்கென்று ஒரு டேபிள் ஃபேன், இடமும் வலமுமாகத் தலையாட்டி அவர் சொல்வதையெல்லாம் மறுத்துக்கொண்டிருந்தது. மகளிர் நாட்டு வானிலோ, மூன்று சிறகையும் விரித்தபடியே உறங்கிவிட்ட பெரும்பறவை போல ஒரு விசிறி அசையாது தொங்கியது. அது பழுதன்று. கல்யாண வரவேற்பில் ஓடும். ஆராதனையில் மட்டும் ஓடாது. ஓடக் கூடாது.

ஏன் கூடாது? விசிறி ஓடினால் முக்காடு பறக்கும். முக்காடு பறந்தால் தலை திறக்கும். தலை திறந்தால் ஜெபம் தகரக் கூரையோடு நின்றுவிடும். இந்தச் சங்கிலியைக் கோத்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "பின்னாடி எங்கயோ இருக்கு" என்பார்கள். பெருஞ்சட்டத்தின் நிழலில் குறுஞ்சட்டங்களும் முளைத்திருந்தன. வேதப் புத்தகத்தால் விசிறிக்கொள்ளக் கூடாது. பிரசங்கத்தின் நடுவே தண்ணீர் பாட்டிலைத் திறக்கக் கூடாது. படிக்கட்டில் கழற்றிய செருப்பின் முனை தெருவைப் பார்க்கக் கூடாது. பார்த்தால், வீட்டுக்குப் போக அவசரப்படும் ஆத்துமா என்று பொருள்.

இச்சட்டங்களின் காவலர் ஜெபசீலன் ஐயா. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையின் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கு ஊதியபின் வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிய கண்டிப்பை அப்படியே சபைக்கும் கொண்டுவந்தவர். வெள்ளை அரைக்கை சட்டையின் பையில் டார்ச்சும் டெஸ்டரும் தாங்கிய மறவர். ஆடவர் நாட்டின் கடைசிக் கோடியில், சுவிட்ச் பலகைக்கு நேர் கீழே அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. அதற்கும் சட்டம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. மகளிர் நாட்டில் அவருடைய தளபதி இன்பமணி ஆன்ட்டி. பின்வரிசையிலிருந்தே முன்வரிசையில் நழுவும் முக்காட்டைக் கண்டு, இருமல் ஒன்றால் அதைத் திரும்ப ஏற்றவல்ல அம்மையார்.

இந்தக் கோட்டைக்குள்தான், கத்திரி வெயில் உச்சியில் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, தபீதாள் தன் அண்ணியை அழைத்து வந்தாள்.

அண்ணியின் பெயர் உதயா. திருநீர்மலையில், கோயில் மணி கேட்கும் வீட்டில் பிறந்து, தபீதாளின் அண்ணனைக் காதலித்துக் கரம்பிடித்தவள். இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. சபைக்கு வா என்று அவளை யாரும் அழைக்கவில்லை. "அப்டி இன்னாதான் பண்றீங்கோ அங்க, நானும் வந்து பாக்கறேன்" என்று அவளே கேட்டாள். அண்ணனுக்கு அன்று டியூட்டி. ஆகவே நாத்தனாரும் அண்ணியும் மட்டும் ஆட்டோவில் வந்தார்கள்.

வழியில் உதயா கேட்டது ஒன்றே ஒன்று.

"தபீ, அங்க ஃபேன் கீதுல்ல?"

"இருக்கு அண்ணி. பெரிய ஃபேன்."

தபீதாள் சொன்னது பொய்யன்று. ஆயினும் அந்த வார்த்தை, வில்லிலிருந்து தவறிப் புறப்பட்ட அம்பென, ஆட்டோவில் தொடங்கி அவளுடைய நெஞ்சையே சுற்றிச் சுற்றி வந்தது. வீட்டில் அவளை வாய்விட்டுச் சிரிக்க வைத்தவள் உதயா ஒருத்திதான். அப்படிப்பட்டவள் முதன்முதலாகத் தன் பேச்சை நம்பி வருகிறாள். இன்று வெந்து வீடு திரும்பினால், இனி இந்தப் படியேறச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பது?

வாசலிலேயே முதல் அம்பு பாய்ந்தது. "பூ வேணாம்மா. உள்ள வர்றப்ப எடுத்துருங்க" என்று இன்பமணி ஆன்ட்டி அன்பாகத்தான் சொன்னார். உதயா தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். புதிதாக வருவோரை முன்வரிசையில் அமர்த்துவது அச்சபையின் வழக்கம். ஆகவே இருவரும் முன்வரிசையில், உறங்கும் பறவைக்கு நேர் கீழே அமர்ந்தார்கள். உதயா நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரிய ஃபேன்தான்" என்றாள்.

போர் தொடங்கிற்று. தகரக் கூரை முரசென அதிர, அதன்மேல் கத்திரி வேந்தன் தன் அனல்படையை இறக்கினான். கீழே பெயின்ட் கடையின் தின்னர் வாடை, தோற்ற நாட்டின் புகைபோல மேலெழுந்தது. வெள்ளை முக்காடுகள், சந்தன முக்காடுகள், சரிகையோரம் வைத்த முக்காடுகள் யாவும் காற்றற்ற களத்தில் கொடிகளெனத் துவண்டு தலைகளில் ஒட்டின. முதல்முறை வருகிறோமே என்று பட்டு உடுத்தி வந்த உதயாவின் முந்தானை, எண்ணெய் தேய்த்த கூந்தலில் நிற்கமாட்டேன் என்று நழுவியது, அவள் ஏற்றினாள், அது நழுவியது. பட்டுக்கும் தேங்காயெண்ணெய்க்கும் இடையே உராய்வு என்பதே கிடையாது என்பதை, இயற்பியல் அறிந்த தபீதாள் அருகிலிருந்து கண்டு வருந்தினாள்.

மேடையில் பாஸ்டரோ மெய்மறந்திருந்தார். அன்றைய செய்தியின் தலைப்பு, விடுதலை. "மனுஷன் போட்ட சங்கிலி அத்தனையும் அறுந்துபோச்சு! நீங்க விடுதலையானவங்க!" என்று அவர் முழங்க, டேபிள் ஃபேன் இல்லை இல்லை என்று தலையாட்டியது.

உதயா காணிக்கைக் கவரை எடுத்து விசிறினாள். பின்வரிசையிலிருந்து ஓசையின்றி எழுந்து வந்த இன்பமணி ஆன்ட்டியின் கை, பூப்பறிப்பது போல அதைப் பறித்தது. உதயா பாட்டிலின் மூடியில் விரல் வைத்தாள். ஓர் இருமல் எழுந்தது. விரல் இறங்கிற்று.

"தபீ," என்றாள் உதயா மெல்ல. முகம் வெளுத்திருந்தது. "எனக்கு ஒரு மாதிரி வருது."

"வெளிய போலாமா அண்ணி?"

"படி எறங்கறதுக்குள்ள வுழுந்துருவேன். கொஞ்சம் காத்து வந்தா போதும்."

அந்தக் கணத்தில், ஒரு வகுப்பிலும் உயராத அந்தக் கை நாற்காலியின் முதுகைப் பற்றிற்று. ஒரு கூட்டத்திலும் தனித்து நில்லாத கால்கள் நிமிர்ந்தன. பிரசங்கத்தின் நடுவே, முன்வரிசையில், எல்லோர் கண்ணும் காண, தபீதாள் எழுந்தாள்! பாஸ்டரின் சொல் ஒரு கணம் தடுமாறிற்று. கோரஸ் பாடும் பெண்களின் கண்கள் வேல்களாயின. ஜார்ஜெட் துப்பட்டாவை ஒரு கையால் தலையோடு அழுத்திப் பிடித்தபடி, சிவப்புப் பாய் எனும் எல்லை நதியை அவள் கடந்தாள். செங்கல்பட்டு லோக்கல் ரயில் ஒன்று கட்டடத்தை உலுக்கிக்கொண்டு போனது. பின்வாங்கிவிடலாம் என்று உள்ளம் கெஞ்சியது. திரும்பி நடந்தால் அதே கண்களை இன்னொருமுறை கடக்க வேண்டுமே என்று தோன்றவே, முன்னேறினாள். வீரம் சில வேளைகளில் இப்படியும் பிறக்கும்.

சுவிட்ச் பலகையின் முன் ஜெபசீலன் எழுந்து நின்றார்.

"என்னம்மா? பாத்ரூம் அந்தப் பக்கம்."

தபீதாள் அவரை நோக்கினாள். "விலகும், காவலரே! நம்மை விடுவித்தவர் பாடுபட்டது, என் அண்ணி வியர்வையில் மூழ்கிச் சாயவா? அவர் தேடுவது மூடிய தலையையா, மயங்காத தலையையா? அவர் திறந்துவிட்ட வாசலில் பூட்டுப் போட உமக்குச் சாவி தந்தவர் யார்? வயிற்றில் இருக்கும் சிசுவும் மூச்சுக்கு ஏங்க, ஒரு பொத்தானுக்கு முன் நாம் நின்று வழக்காடுவதோ?" என்று அவள் கர்ஜித்திருப்பாள். எல்லாச் சொற்களும் அணிவகுத்துத் தொண்டைவரை வந்தன. அதைத் தாண்டி வெளியேறியவை இரண்டே.

"ஐயா, ஃபேன்."

"ஆராதனை நடக்குதும்மா." அவர் அகன்ற உள்ளங்கையைப் பலகையின் மேல் கேடயமென வைத்தார். "உனக்குத் தெரியாததா?"

கேடயத்தின் ஓரத்தில் ஒரே ஒரு பொத்தான் மட்டும் வெளியே தெரிந்தது. அது எதன் பொத்தான் என்று தபீதாளுக்குத் தெரியாது. கண்ணை மூடி அழுத்தினாள்.

மைக் அணைந்தது.

"அறுந்துபோச்சு!" என்று உயர்த்திய கையோடு பாஸ்டர் வாயசைத்துக்கொண்டிருக்க, ஓசை மட்டும் அறுந்துபோயிற்று. சபை முழுதும் ஒரு முகமாகத் திரும்பியது. தபீதாள் அந்த இடத்திலேயே பூமி பிளந்து பெயின்ட் கடைக்குள் விழ விரும்பினாள்.

"என்ன ஐயா அங்க?" வெறுங்குரலில் கேட்டார் பாஸ்டர்.

"ஃபேன் போடணுமாம், பாஸ்டர்."

"போடுங்களேன். அதுக்கு எதுக்கு மைக்க நிறுத்தறீங்க?"

"லேடீஸ் சைடு, பாஸ்டர்."

பாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். டேபிள் ஃபேனின் ஆட்சியில் வாழ்ந்த அவர், அப்படி ஒரு பறவை அங்கே தூங்குவதை அன்றுதான் கண்டார்போலும். "ஏன், அது ஓடாதா?"

"ஓடும். ஆனா ஆராதனைல போடக் கூடாதுல்ல. உங்கப்பா பாஸ்டரா இருந்தப்பவே போட்ட ரூல்."

"முக்காடு பறக்கும் பாஸ்டர்," என்று இன்பமணி ஆன்ட்டி எழுந்து சாட்சி சொன்னார்.

"அப்பா அப்படியா சொன்னார்? என்ன சொன்னார் ஐயா, சரியா சொல்லுங்க."

எதையும் நேராகச் சொல்லியே பழகிய மனிதர் ஜெபசீலன். அவருடைய நினைவின் அடியாழத்தில் புழுதி மூடிக் கிடந்த ஏதோ ஒன்று அசைந்தது. நெற்றி சுருங்கியது.

"கேசட்டு," என்றார்.

"என்னது?"

"அப்பல்லாம் பிரசங்கத்த டேப் ரெக்கார்டர்ல பதிவு பண்ணுவோம் பாஸ்டர். அத லேடீஸ் சைடுலதான் வச்சிருந்தோம், பிளக் பாயின்ட் அங்கதான் இருந்துச்சு. இந்த ஃபேன் கடகடன்னு சத்தம் போடும். கேசட்டுல உங்கப்பா குரலே கேக்கல. நான்தான் போய்ச் சொன்னேன். சரி, நிறுத்திருங்கன்னார்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அப்ப முக்காடு?" இன்பமணி ஆன்ட்டியின் குரல் நூலாகிவிட்டது.

"அவர் அதப்பத்தி ஒண்ணும் சொல்லலம்மா."

கேசட் போய், சி.டி. போய், செய்திகள் செல்போனில் பறக்கும் காலம் வந்தும், ஒரு டேப் ரெக்கார்டருக்காக அத்தனை கோடைகளிலும் வெந்த அத்தனை தலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஜெபசீலன் தொண்டையைச் செருமினார். "எதுக்கும் கமிட்டில வச்சுப் பேசி, அடுத்த மாசம்..."

முன்வரிசையில் உதயாவின் தலை சாய்ந்தது.

தபீதாள் கமிட்டிக்குக் காத்திருக்கவில்லை. துப்பட்டாவை விட்டுவிட்டு, இரு கைகளாலும் அந்த அகன்ற கேடயத்தை விலக்கினாள். அதுவும் விலகியது. மைக்கின் பொத்தானைத் தவிர, அணைந்து கிடந்த எல்லாப் பொத்தான்களையும் தட்டினாள். பகலில் எரியத் தேவையற்ற விளக்குகள் எரிந்தன. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மே மாதத்தில் மினுக்கியது. அப்புறம், உறக்கம் கலைந்த அப்பெரும்பறவை ஒருமுறை முனகி, இருமுறை நடுங்கி, சிறகிலிருந்த தூசியையும் பழைய ஜிகினாத் தாளையும் மகளிர்மேல் வாரி இறைத்து, கடகடவென்று எழுந்து பறந்தது!

முக்காடுகளும் பறந்தன. முதலில் பறந்தது இன்பமணி ஆன்ட்டியுடையது. அது தோளில் விழ, நரைத்த கொண்டையோடு அவர் அசையாமல் நின்றார்; வானத்திலிருந்து ஏதேனும் விழுமா என்று ஒருமுறை மேலே பார்த்தார். ஜிகினாத்தாள் ஒன்று மூக்கில் விழுந்தது. வேறொன்றும் விழவில்லை. பின் அவர் மடமடவென்று முன்வரிசைக்குப் போய், உதயாவின் பாட்டிலைத் தாமே திறந்து அவள் வாயில் சாய்த்து, பறித்து வைத்திருந்த காணிக்கைக் கவரால் விசிறவும் விசிறினார்.

"குடிம்மா, நல்லா குடி. மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் ஆன்ட்டி இருமிக்கினே இருந்தீங்கோ," என்றாள் உதயா, கண்ணைத் திறந்து.

ஆன்ட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வந்து அமர்ந்த தபீதாளின் கையை உதயா எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஃபேன் சத்தத்தில் மீதிப் பிரசங்கம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இறங்கும்போது, படிக்கட்டிலேயே மல்லிகையை எடுத்து வைத்துக்கொண்டு, "அடுத்த வாரமும் அந்த எடத்தையே புடிச்சிடு தபீ" என்றாள்.

இவ்வாறு கோட்டை வீழ்ந்தது, சங்கிலி அறுந்தது, தாம்பரத்து மகளிர் நாட்டில் தென்றல் ஆட்சி மலர்ந்தது. மறுவாரம் இருவரும் அதே இடத்தில் வந்து அமர்ந்தபோது, அன்று மழை பெய்து கூரை குளிர்ந்திருந்தபோதும், விசிறி முழுவேகத்தில் முழங்கிற்று. இன்பமணி ஆன்ட்டிக்குச் சளி. கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டார். சுவிட்ச் பலகைக்குக் கீழே நெஞ்சு நிமிர்த்தி அமர்ந்திருந்த ஜெபசீலன், "குறைக்கக் கூடாது. லேடீஸ் சைடு ஃபேன் ஆராதனை முடியறவரைக்கும் அஞ்சுலதான் ஓடணும், நமக்குக் கெடைச்ச விடுதலை அது" என்று அறிவித்தார்.

தபீதாள் எழுந்து போய் ரெகுலேட்டரை இரண்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.