ஆயரும் என் வலது முழங்கையும்

பொழியூர்,
வியாழன் இரவு

அன்பும் மரியாதையும் உள்ள ஆன் சித்திக்கு, மகள் பிஜி தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே கடலைத் தவிர எல்லாரும் சுகம். போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருப்பதால் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். காலையில் திருப்புறத்துக்கு மீன் கொண்டுவரும் குளோரி மாமி இதைத் தருவார்.

சித்தி, ஞாயிற்றுக்கிழமை என் உறுதிபூசுதலுக்கு ஞானத்தாயாக நிற்க நீங்கள் வரவேண்டாம். காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். காரணம் பள்ளிக்கூடத்துத் தற்காப்பு வகுப்பு. அஜிதா டீச்சர், புதிதாக எதுவும் படிக்க வேண்டாம், பயந்தால் உடம்பு தானாக என்ன செய்கிறதோ அதையே அடியாக மாற்றலாம் என்று சொல்லி, ஒவ்வொருவர் பின்னாலும் வந்து திடீரென்று ஸ்டீல் தட்டைத் தட்டினார். லிஷா முகத்தை மறைத்தாள். ஸ்ரீகலா குனிந்தாள். நான் சிலுவை போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "இது கொள்ளாமே, நல்ல அடி! நெத்திக்குப் போற கை முகத்தைக் காக்கும். எடது தோளில இருந்து வலது தோளுக்கு வரும்பம் முழங்கையைப் பின்னால விடு. பிடிச்சவன் விழுவானாக்கும்!" ஒரு மாதம், தினமும் நூறு தடவை போடவைத்தார்.

இப்போது முழங்கை என் பேச்சைக் கேட்பதில்லை. சார்ஜர் கேட்டு முதுகில் தட்டிய லிண்டோ அண்ணன் கட்டன்சாயாவோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். பயமே இல்லாமல் சிலுவை போட்டாலும் பறக்கிறது. ஜெபமாலை தொடங்கியதும் குளோரி மாமிக்கு விலாவில் ஒன்று. "ஏ பிள்ளே, பிசாசு எனக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டவர், இப்போது இரண்டு பாய் தள்ளித்தான் உட்காருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பின்னால் நின்று என் தோளில் கை வைப்பீர்கள். உறுதிபூச வரும் ஆயர் முன்னால் நின்று கன்னத்தில் மெல்லத் தட்டுவார். நெற்றிக்குப் போகும் கை அவருக்கு, பின்னால் பறக்கும் முழங்கை உங்களுக்கு, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்! ஆயரை அடித்த பெண் என்று பேர் வந்தால் அப்பா எப்படிக் கோயிலுக்குள் நுழைவார்? அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாதா உங்களையும் சித்தப்பாவையும் என் முழங்கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
பயந்துபோன மகள்
பிஜி

பி.கு.: கட்டாயம் வரவேண்டும் சித்தி. டார்ச் வெளிச்சம் கண்டு அப்பா பின்னால் வந்து தோளைத் தொட்டார். என் முழங்கை அவர் வயிற்றில் பட்டது. "யேசுவே!" என்று அப்பாவும் பதறிச் சிலுவை போட, அவருடைய முழங்கை, சத்தம் கேட்டு எழுந்து வந்த லிண்டோ அண்ணனின் மூக்கில். அப்பா எந்த வகுப்புக்கும் போனதில்லை. கடிதம் முழுவதையும் வாசித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "சித்தியை எடது பக்கமா நிக்கச் சொல்லு மக்கா. ஆயரை நெனச்சுப் பேடிக்காண்டாம். அடி பட்டா அவரும் சிலுவைதான போடுவாரு?"

அதுதான் இப்போது என் பயம். ஆயருக்குப் பின்னால் நிற்கப்போவது நம் பங்குச்சாமி.