மூக்கில் மாட்டிய கிளிப்பு

கோடியில் ஒருவருக்கு வரும் நோய் என்றால் கேட்டவுடனே எனக்குப் பாதி உயிர் போய்விடும். வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கும் நோய் எனக்கும் இருந்தது. அதற்காக ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. சுகர்தானே! (தென்காசியில் சுகர் இல்லாதவரைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள்.)

அந்த வருடம் சீசன் நேரத்தில் டி.வி.யில் செய்தி. மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், மூக்கு வழியாகப் புகுந்து மூளையைத் தின்னும் அமீபாவாம். அதே வாரம் சிவகிரியிலிருந்து மைத்துனன் குடும்பத்தோடு வந்து இறங்கினான், குற்றாலத்தில் குளிக்க. போகாமல் இருக்க முடியுமா? துணி காயப்போடும் கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு ஐந்தருவியில் போய் நின்றேன்.

"அத்தான், எல்லாரும் நம்மளையே பாக்காவ. கழட்டுங்க!"

"நீ வேணா சாவுலே" என்றேன், அடைத்த குரலில்.

வீடு திரும்பியதும் லேசாகத் தலைவலி. கதை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து, மூளை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, எழுந்ததும் பதின்மூன்றாம் வாய்ப்பாடு. பதிமூன்றேழில் தடுமாறினேன். (பள்ளிக்கூடத்திலேயே அது எனக்கு வந்ததில்லை.) மகளுக்குக் கல்யாணம் செய்து பார்க்காமல் போகிறோமே என்று குளியலறைக்குள் நின்று அழுதேன்.

எட்டாம் நாள், வீடு துடைத்துக்கொண்டிருந்த மனைவி அலறினாள்.

"என்னங்க இது, நீங்க நடக்குத எடமெல்லாம் சீழு!"

செருப்பைக் கழற்றிவிட்டு அருவிக்கு நடந்தபோது வலது கால் சுண்டுவிரலில் கண்ணாடி கிழித்திருக்கிறது. சுகரில் மரத்துப்போன காலுக்கு அது தெரியவில்லை. எட்டு நாளும் தலையைத் தடவிக்கொண்டிருந்தவன் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. விரல் கறுத்திருந்தது.

டாக்டரிடமும் தலைவலியைத்தான் முதலில் சொன்னேன்.

"தலைய விடுங்க அண்ணாச்சி. விரலோட போகுமா, காலையே எடுக்கணுமான்னு பாக்கணும்."

அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆபரேஷன் அறை வாசல்வரை மனைவியின் கையை விடவில்லை. நல்லவேளை, விரலோடு போயிற்று.

இப்போது பேத்தி என் கால்விரல்களைத் தொட்டுத்தான் எண்ணப் பழகுகிறாள். ஒன்பதில் நின்றுவிட்டு, "ஆச்சி, பத்து எங்க?" என்று கத்துவாள்.

அடுப்படியிலிருந்து பதில் வரும்: "அது தாத்தா மூளையக் காப்பாத்தப் போயிருக்கு!"